ஆச்சியின் மஞ்சள் பையில் ஒரு நகராட்சி

மூன்று வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு நன்றி. ஆவணிக் கடைசியில் ஊரில் என் ஆச்சி தவறிப்போனார். வயது 81. காலையில் வாசல் குழாயில் நாலு குடம் தண்ணீர் பிடித்து அடுக்கியிருக்கிறார். ஐந்தாவது குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவுக்கு ஓடிய பிறகுதான் அத்தை வந்து பார்த்திருக்கிறார்.

ஊர், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன நகராட்சி. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது வெளியான பத்தாவது நிமிடம் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் சுற்றும். அப்பாவால் டீக்கடைப் பக்கம் போக முடியாது.

துக்க வீட்டில் அழுவதற்கு ஆள் நிறைய இருந்தார்கள், ஃபாரம் நிரப்பத்தான் ஆள் இல்லை. "நீதான பத்திரிகைல வேலை பாக்கே, நீயே எழுது" என்று பெரியப்பா பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார். இறப்பு அறிக்கைக்குப் படிவம் 2 என்று பெயர். பிறப்புக்குப் படிவம் 1. இறந்தவர் பெயர், இறந்த தேதி, இடம், கணவர் பெயர், முகவரி, தகவல் கொடுப்பவர் யார் என்று வரிசையாகக் கேட்கும். எழுதி முடித்து, டாக்டர் கொடுத்த சான்று, எரிவாயு தகன மேடையில் கொடுத்த ரசீது, ஆச்சியின் ஆதார் நகல், அப்பாவின் ஆதார் நகல் எல்லாவற்றையும் பின் அடித்து மூன்றாம் நாளே நகராட்சியில் கொடுத்துவிட்டேன். அடுத்த சில நாளில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான அரசுத் தளத்திலிருந்து கியூஆர் கோடு போட்ட சான்றிதழைப் போனிலேயே இறக்கிவிட்டேன். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை. குடும்ப குரூப்பில் பிடிஎஃப் போட்டு, கும்பிடு போடும் எமோஜிகளை வரிசையாக வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெருமை, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் தபால் நிலையக் கவுன்டரில் தீர்ந்தது.

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அத்தை ஆச்சியோடுதான் இருந்தார். எங்கள் பக்கத்துப் பாதிப் பெண்களைப்போல அவரும் பீடி சுற்றுகிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆச்சி சிறுகச் சிறுகப் போட்டு வைத்த 38,000 ரூபாய் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் இருந்தது. நாமினி, அத்தை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட அந்த வாரம் கடைசி. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று கிளம்பிப் போனோம்.

கவுன்டரில் இருந்தவர் பாஸ்புக்கையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "பேரு ஒத்து வரலையேம்மா."

ஆச்சியின் பெயரில் பின்பாதி லெட்சுமி. எங்கள் பக்கத்தில் 'லட்சுமி'யை அதிகம் பார்க்க முடியாது. கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் நெற்றி எங்கே பார்த்தாலும் 'லெ'தான். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்திலும் எல்லுக்கு அடுத்தது ஈ. ஆறு வருடம் சென்னையில் இருந்த என் கை, படிவத்தில் அது பாட்டுக்கு 'லட்சுமி' என்று எழுதியிருக்கிறது. ஆபீஸில் தட்டச்சு செய்தவர் நான் எழுதியதை நம்பி அப்படியே ஏற்றிவிட்டார். 81 வருடமாக ஆச்சி வைத்திருந்த ஒற்றைக் கொம்பை நான் ஒரே நொடியில் பிடுங்கிவிட்டேன்.

நகராட்சிக்குப் போனோம். வாசலில் ஜெராக்ஸ் கடை. அதன் நிழலில் ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார் இல்லையா, அவர் எங்கள் ஊரிலும் உண்டு. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பேர் திருத்தமா? ரெண்டாயிரம் குடுங்க. சாயந்திரம் கையில சான்றிதழ்." அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் தொட்டுவிட்டார். இரண்டாயிரம் என்பது அவருக்கு எத்தனை ஆயிரம் பீடி என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்க வேண்டாம்.

உள்ளே, இறப்புப் பதிவு பார்க்கும் சுகாதார ஆய்வாளர் இல்லை. காலையில் அவர்கள் எப்போதும் தெருவில்தான் இருப்பார்கள். பொழுது விடியும் முன்பே தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பதிவு, பிறகு வார்டு வார்டாகச் சுற்று. இருக்கையில் பிடிக்க வேண்டுமென்றால் மதியத்துக்கு மேல் போக வேண்டும். இதைத் தெரியாமல் காலை பத்து மணிக்கு லீவு போட்டுவிட்டுப் போய், "ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல" என்று திட்டிவிட்டு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து மேஜைக்கார அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "பழைய ஆதாரம் எதாச்சும் இருந்தா எடுத்துட்டு மூணு மணிக்கு வாங்க. நம்ம ஆபீஸ் பேப்பரா இருந்தா இன்னும் நல்லது."

"அம்மா பையில பாப்போம்" என்றார் அத்தை.

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்த மஞ்சள் பை. ஏதோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயர் அழிந்து, முகூர்த்த நேரம் மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே இருந்தவற்றைத் திண்ணையில் கொட்டினேன். எல்லாம் காகிதம். ரப்பர் பேண்டு போட்டு, வருடம் வாரியாக. மேலே சொன்ன தபால் பாஸ்புக்கைத் தவிர மற்றதெல்லாம் நகராட்சிக் காகிதம்.

ஆச்சிக்கு 'முன்சிபால்டி' என்றால் அரசாங்கம் முழுவதும். ரேஷன் கடை, கரன்ட் ஆபீஸ், மாதாமாதம் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெண், எல்லாரும் அவர் கணக்கில் முன்சிபால்டிக்காரர்கள். எந்தத் துறை எந்த அமைச்சருக்குக் கீழே என்பதெல்லாம் எங்களைப்போலச் செய்தி எழுதுகிறவர்களுக்கான கவலை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது தீர்வை கட்ட என்னை அனுப்புவார். எங்கள் ஊரில் வீட்டு வரிக்குத் தீர்வை என்றுதான் பேர். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "ஏட்டி, ரசீது எங்க?" இரண்டாவது, "அதுல பேர் சரியா இருக்கா பாத்தியா?"

அடிக்கட்டில் இருந்த காகிதம் 2005-ஆம் வருடத்தியது. தாத்தா இறந்த மறு வருடம், வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகராட்சியில், வாரிசுச் சான்றிதழ் தாலுகா ஆபீஸில் என்று இரண்டு படியும் ஏறி இறங்கி. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் வளர்ந்து நின்ற வீட்டில், வரி ரசீதில் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அப்பாவுக்கே தேதி ஞாபகம் இல்லை.

அதற்கு மேலே வரிசையாக அரையாண்டு ரசீதுகள். 2021-ல் 332 ரூபாய். 2022-ல் 415. அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கலாம். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 சதவிகிதம், அதற்கு மேலே வீட்டின் பரப்பு கூடக்கூட விகிதமும் கூடி, 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவிகிதம். எங்களுடையது சின்ன வீடு. ஆச்சி அந்த ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் 83 என்று எழுதி வைத்திருக்கிறார். ஏறியது எவ்வளவு என்ற கணக்கு.

எல்லா ரசீதுமே ஏப்ரல் அல்லது அக்டோபர் தேதி. காரணம் உண்டு. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டிவிட்டால் 5 சதவிகிதம் ஊக்கத்தொகையாகக் குறையும். ஆச்சிக்கு இருபது ரூபாய் சொச்சம் மிச்சம். அந்த இருபது ரூபாயில் எனக்கு முறுக்கு வாங்கித் தந்த அக்டோபர்கள் உண்டு என்று எழுத ஆசை. உண்மையில் அவர் அதைத் திருப்பி முந்தானையில் முடிந்துகொள்வார்.

குடிநீர்க் கட்டண ரசீதுகள் தனிக்கட்டு. எங்கள் ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். கோடையில் இடைவெளி இன்னும் நீளும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. ஒரு குடம் ஏறத்தாழ 15 லிட்டர் என்றால் தலைக்கு ஒன்பது குடம். ஆச்சியும் அத்தையும் ஒரு முறைக்குப் பிடித்தது 18 குடம். இரண்டு பேருக்கு, இரண்டு நாளைக்கு. வகுத்துப் பாருங்கள், அந்த அளவில் சரியாகப் பாதி. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை, அதனால் அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்லலாம். குளிக்கிற உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இந்தத் தண்ணீரை வைத்து ஆச்சிக்கும் நகராட்சிக்கும் வாரா வாரம் ஒரு சண்டை நடக்கும். கொசு ஒழிப்புக்கு வரும் பெண்ணை நாங்கள் 'அபேட் அக்கா' என்போம். தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். தொட்டியில் அபேட் மருந்து ஊற்றுவார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். "தண்ணிய இப்பிடித் தொறந்து வைக்கக்கூடாது ஆச்சி." "நீங்க தெனம் தண்ணி விட்டா நான் எதுக்கும்மா சேத்து வைக்கப் போறேன்?" அந்த அக்காவிடம் இதற்குப் பதில் இருந்ததில்லை. இந்த விஷயத்தில் நான் இன்றைக்கும் ஆச்சி கட்சி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் தேங்கித்தான் நிற்கும்.

ஆனால் அந்த அக்கா சொல்லிக்கொடுத்த ஒன்றை ஆச்சி கடைசி வரை விடவில்லை. ஏடிஸ் முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்து கிடந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சுவரைத் தேய்க்க வேண்டும். ஆச்சி வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். எங்கள் தெருவில் டெங்கு வந்த வருடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது, அந்த அக்காவுக்குத்தான் அதில் பங்கு என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் ஒப்பந்த ஊழியர். ஏழெட்டு வருடமாக வருகிறார். ஒரு நாள் வரவில்லை என்றால் அந்த நாள் சம்பளம் இல்லை. எங்கள் ஊரில் விடியற்காலையில் குப்பை எடுப்பவர்களில் பாதிப்பேர் கதையும் இதுதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்ததை வீடியோ எடுக்கப் போனபோது, எனக்கு அந்தக் கூட்டத்தில் இந்த அக்கா முகம்தான் தெரிந்துகொண்டே இருந்தது.

பையில் இருந்த இன்னொரு கட்டைப் பார்த்ததும் அத்தை சிரித்துவிட்டார். மனு நகல்கள். எல்லாமே 2017. எல்லாமே தெருவிளக்கு. அந்தக் காலகட்டத்தில் எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் மறுபடி நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் அதிகாரிகள் ஆட்சிதான். தெருவில் ஒரு குழாய் உடைந்தால் 'நம்ம மெம்பர்' என்று போய்ச் சொல்ல ஆள் இல்லை. பீடி இலையும் தூளும் வாங்கப் போய்விட்டு அத்தை திரும்பும்போது இருட்டிவிடும். முக்கில் இருந்த விளக்கு எரியாது. ஒருநாள் மூட்டையோடு சாக்கடைக்குள் கால் போய்விட்டது. ஆச்சி பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மனு எழுதச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கினார். பதினைந்து நாள் கழித்து அடுத்த மனு. அதில் முதல் மனுவின் தேதி. பிறகு மூன்றாவது. அதில் இரண்டின் தேதியும். ஐந்தாவது மனுவோடு கட்டு முடிகிறது. விளக்கு எரிந்துவிட்டது.

"முன்சிபால்டிக்காரன்ட்ட வாயால ஒண்ணும் சொல்லக்கூடாதுட்டி. எழுதிக் குடுக்கணும், சீல் வாங்கணும்." எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கீழே, பாலிதீன் உறைக்குள் மடித்து, என் பிறப்புச் சான்றிதழ். பழுப்பேறிப் போன அசல். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் என் பெயர் வேறு மையில் இருந்தது. அத்தை சொல்லித்தான் தெரியும், நான் பிறந்ததைப் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை என்று யாரோ சொல்ல, பத்தாவது மாதத்தில் ஆச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். எழுதுபவர் பேனாவை வைக்கும்வரை பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாராம். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தோழிகளுக்காக இங்கே ஒரு நிமிடம். பெயர் சேர்க்க அந்த ஒரு வருட இலவசம் இப்போதும் உண்டு. அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் மாறிவிட்டது.

மூன்று மணிக்கு 2005-ஆம் வருட உத்தரவையும் ஐந்தாறு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனோம். ஆய்வாளர் இருந்தார். காலையில் நனைந்த சட்டை உடம்பிலேயே காய்ந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண், இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும். கணவர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கமும் செய்தாகிவிட்டது. இங்கே சான்றிதழ் கேட்டு நிற்கிறார். ஆய்வாளர் மெதுவாகத்தான் சொன்னார். ஒருவர் எந்த ஊரில் இறந்தாரோ அந்த ஊர் உள்ளாட்சியில்தான் பதிவு செய்ய முடியும், அடக்கம் நடந்த ஊரில் முடியாது. அந்தப் பெண்ணுக்கு இறந்த இடம் மாவட்டம் வரைக்கும்தான் தெரிந்தது. உடன் வேலை பார்த்தவருக்குப் போன் போட்டு, ஊராட்சியின் பெயரைக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் ஆய்வாளரே எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனார். அவர் எத்தனை நாள் அலைந்தாரோ. 21 நாளுக்குள் சொன்னால் பதிவு இலவசம். அதைத் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி. அதற்கும் மேல் போனால் நிர்வாக நடுவரின் உத்தரவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் பஸ் கட்டணம்.

எங்கள் முறை வந்தது. நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும். அவர் 2005-ஆம் வருட உத்தரவைக் கையில் வாங்கி, கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "நம்ம ஆபீஸ் பேப்பர்தான். இதுக்கு மேல என்ன வேணும்?" எழுத்துப் பிழை மாதிரியான திருத்தங்களை, ஆதாரத்தைப் பார்த்துத் திருப்தி ஏற்பட்டால் பதிவாளரே செய்யலாம். விஷயமே மாறுகிற பெரிய திருத்தம் என்றால்தான் விவரம் தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழி வேண்டும். பழைய பதிவை அழிக்கவும் மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். அது அப்படியே இருக்கும். ஓரத்தில் சரியானதை எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுவார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதாவது என் தப்பும் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்.

"ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பத்திரிகைக்காரியின் விண்ணப்பம், சும்மாவா. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டினேன். அவர் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி, மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

மறுபடியும் லட்சுமி.

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். ஆச்சி போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நாலாவது நாள் திருத்திய சான்றிதழ் வந்தது. ரசீது போட்டு வாங்கிய கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாய் செலவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்குப் பெரியப்பா கைமாற்றுக் கொடுத்திருந்தார், தபால் நிலையப் பணம் வந்ததும் அத்தை முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றவர் அடுத்த தடவை எங்களைப் பார்த்தபோது போனைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பை இல்லாத வீடுகள் இருக்கிற வரைக்கும் அவருக்கு நிழல் இருக்கும்.

சென்னைக்குத் திரும்பி என் அறையைப் பார்த்தேன். இந்த ஊர் மாநகராட்சிக்கு 1688-லிருந்து வயது. 200 வார்டு. புகார் எண் 1913, ரிப்பன் மாளிகை திறந்த வருடமும் அதுவே என்பதால் மறக்காது. வாடகை வீட்டில் நாலு வருடமாக இருக்கிறேன். தினமும் என் குப்பையை யாரோ எடுக்கிறார்கள், என் தெருவில் யாரோ மருந்து அடிக்கிறார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எரியாத தெருவிளக்கைப் போட்டோ எடுத்து இரண்டு தடவை ஸ்டோரி போட்டிருக்கிறேன். 1913-க்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. போன திங்கட்கிழமை செய்தேன். புகார் எண் கொடுத்தார்கள். அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். விளக்கு இதை எழுதும்வரை எரியவில்லை. பதினைந்து நாள் ஆனதும் அடுத்த புகார், முதல் புகாரின் எண்ணோடு.

இரண்டு நாள் முன்பு அத்தை போன் செய்தார். அரையாண்டுத் தீர்வை கட்ட வேண்டும், அக்டோபர் 31-க்கு இன்னும் நாள் இருந்தாலும் ஆச்சி இருந்தால் முதல் வாரமே போயிருப்பார் என்றார். "நான் இங்கிருந்தே போன்ல கட்டிருதேன் அத்தை, ரெண்டு நிமிஷம்" என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். தாலுகா ஆபீஸிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வந்து, யார் பெயருக்கு மாற்றுவது என்று அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடிக்கும்வரை ரசீது ஆச்சி பெயரில்தான் வரும். அதை அவர் கையால் வாங்க வேண்டுமாம்.

நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். கவுன்டரில் நின்றபடியே எடுத்தது. ரசீது கொஞ்சம் கோணல், பெயர் இருக்கும் வரிக்குக் கீழே கட்டைவிரல். பின்னால் வரிசையில் நின்றவர்கள் 'சீக்கிரம் நகருங்கம்மா' என்று சத்தம் போட்டார்களாம். 'லெ' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன் என்றார்.